கடைசிப் பதினொரு நிமிஷம்

ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்குப் பிரஷர் குறைந்ததா? உன் அண்ணி கேட்கச் சொன்னாள். நானாகவும் கேட்கிறேன்.

போன வருஷம் போனில் நாம் பேசிக்கொண்டது போதும். நீதான் பாதியில் வைத்தாய் என்று நான் சொல்வேன், இல்லை நீதான் என்று நீ சொல்வாய். காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

விஷயம் இதுதான். நம் ஸ்டேடியத்தை இடிக்கப் போகிறார்கள். அங்கே கடைகளும் கார் நிறுத்துமிடமும் வருகிறதாம். இருபது வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் எல்லாம் இப்போது கேட்டுக்கு முன்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறான்.

ரசிகர் மன்றம் ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறது. செயலாளர் யார் தெரியுமா? விசில். கிழக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்க விசிலடித்து நடுவரையே குழப்புவானே, அதே ஆள். இப்போது அச்சகம் வைத்திருக்கிறான். வீடு தேடி வந்து, "சார், நீங்க காலேஜ்ல புள்ளியியல் நடத்துறவர். வர்ற ஞாபகத்துல எது நெஜம், எது புருடான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றான். துறைத்தலைவர் நாற்காலிக்கு நான் லாயக்கில்லை என்று கல்லூரியில் பதினேழு வருஷமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பொய்யைக் கண்டுபிடிக்கவாவது லாயக்கு என்று ஒருவன் நினைத்தானே! ஒப்புக்கொண்டேன்.

இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நூற்று எண்பது பேர் அந்த ஒரே ஆட்டத்தைப் பற்றி. முப்பத்தொரு வருஷம் முன்பு, இரண்டு கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்த நம் ஆட்கள், கடைசிப் பதினொரு நிமிஷத்தில் மூன்று கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கினார்களே, அது. அன்று வந்திருந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர். இன்று கேட்டால் ஊரே பார்த்திருக்கிறது. ஒருவன் மூன்றாவது கோலின் கோணத்தை மட்டும் இரண்டு பக்கம் விவரித்திருக்கிறான். கீழே தன் பிறந்த தேதியையும் போட்டிருக்கிறான், முட்டாள். கணக்குப் போட்டேன். ஆட்டத்தன்று தாய் வயிற்றில் இருந்திருக்கிறான்.

ஒருத்தனையும் விடப்போவதில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நாள் முழுக்க லேபில் மைக்ராஸ்கோப் மேல் குனிந்திருந்தால் கழுத்து வேறு எப்படி இருக்கும்? இவருக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. உன் முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை டாக்டரோடும் சண்டையா? அண்ணி தனியாக எழுதினால் உண்மை தெரியும்.

உன் கடிதத்தை வேலையில் உட்கார்ந்துதான் படித்தேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எந்த ரத்த மாதிரியையும் தொடவில்லை. தப்பான முடிவு எழுதிவிடுவேன் என்று பயம். ஸ்டேடியத்துக்கு அப்பா என்னை ஒரே ஒரு தரம்தான் கூட்டிப்போனார். அன்றும் மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த மூன்று கோலை நானே பார்த்த மாதிரிதான்.

உனக்கு ஒன்று தெரியாது. அந்த ஆட்டம் முடிந்த நாலாம் நாள் அப்பா எனக்கு ஹாஸ்டலுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாலு பக்கம். எத்தனையோ வீடு மாறிவிட்டேன், எதை எதையோ தொலைத்திருக்கிறேன், அதை மட்டும் தொலைக்கவில்லை. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அது புத்தகத்தில் வர வேண்டும், அண்ணா. அப்பா பெயரில். தண்ணீர் மீட்டர் பார்க்கப் போன வீட்டில் எல்லாம் அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன்.

அப்பா போனபோது மூன்றாம் நாள் வந்து சேர்ந்தவள் என்று நீ சொல்லிக்காட்டியதை நான் மறக்கவில்லை. இதையாவது நேரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அண்ணியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் தங்கை

*

பிப்ரவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறோம். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். போட்ட இடம் வலிக்கிறது, பழைய வலியும் அப்படியே இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சுகமா?

எழுதி அனுப்பியவர்களைச் சோதிக்க நான் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன். ஏழு கேள்வி. அன்று உள்ளே இருந்தவனால் மட்டுமே பதில் சொல்ல முடியும். விசிலின் அச்சகத்தில் ஒரு மேஜை போட்டு, சனி, ஞாயிறுகளில் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றத்தில் பொய்க்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் நம் சலூன்காரர் வந்தார்.

"எங்க உக்காந்திருந்தீங்க?"

"மூணாவது கோலு விழுந்துச்சே, அதுக்கு நேர் பின்னாடி சார்."

"லைன்ஸ்மேன் கொடிக்கம்பு ஒடைஞ்சு போச்சே, அப்புறம் எதை ஆட்டினாரு?"

"எந்தக் கொடி சார்?"

"சரி, போயிட்டு வாங்க."

"சார், முப்பது வருஷமா உங்களுக்கு முடி வெட்டுறேன்."

"அதுக்கு ஒரு புத்தகம் போடும்போது கட்டாயம் வாங்க."

இப்போது வேறு சலூன் தேட வேண்டியிருக்கிறது. லைன்ஸ்மேன் ஆட்டியது கைக்குட்டை. இதுகூடத் தெரியாதவனுக்குக் கோல் மட்டும் எப்படித் தெரியும்? எழுபது பேரைத் தள்ளியாகிவிட்டது. விசில் கையைப் பிசைகிறான். "சார், புக்கு ரொம்ப ஒல்லியாயிடும் சார்" என்கிறான்.

நீ அனுப்பியது கிடைத்தது. வரிசையில் இருக்கிறது.

உன் அண்ணன்

*

மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கழுத்துக்குப் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது. உன் ஊசி வலி நின்றதா?

வரிசையில் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? நம் அப்பா ரேஷன் கடையில் நிற்கிறாரா? அந்த நாலு பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ. அதைப் படித்துவிட்டு நீ இப்படிச் சும்மா இருப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழைத்துப் பேசுவாய் என்றுகூட நினைத்தேன். என் புத்தி.

அந்த ஏழு கேள்வியை எனக்கும் அனுப்பு. அப்பா சொன்னதை வைத்து நான் எத்தனை மார்க் வாங்குகிறேன், பார்ப்போம்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

*

ஏப்ரல் 19

அன்புள்ள தங்கைக்கு,

தேர்வுத்தாள் திருத்துகிற காலம், அதனால் தாமதம். உன் கழுத்துப் பட்டையைக் கழற்றினார்களா? இங்கே குறையொன்றும் இல்லை.

மேற்குக் கூரையைப் பிரித்துவிட்டார்கள். நானும் உன் அண்ணியும் போய்ப் பார்த்தோம். இயந்திரம் தகரத்தைக் கடித்து இழுக்கிறது, ஜனங்கள் கை தட்டுகிறார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவன் கழிப்பறைக் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு போனான். கேட்டால், "ஞாபகார்த்தம் சார்" என்கிறான்.

நீ கேட்ட கேள்விகள் தனித்தாளில் இருக்கின்றன.

அப்பா கடிதத்தைப் பொறுத்தவரை ஒரு சிக்கல். எழுதியவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. இறந்தவர்கள் விஷயத்தில் என்ன செய்வதென்று முடிவாகவில்லை. தவிர அது உனக்கு எழுதிய சொந்தக் கடிதம், ரசிகர் நினைவு என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பதும் சந்தேகம். ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் எல்லோரும் வந்து நிற்பார்கள். நீயும் ஒரு துறையில் பொறுப்பில் இருப்பவள், உனக்குப் புரியும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

மே 3

அண்ணனுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

எனக்குப் புரியவில்லை. விதியாம்! அந்த விதியைப் போட்டது யார்? நீ. தளர்த்த வேண்டியது யார்? நீ. விசிலுக்கு நேரடியாகவே எழுதிக் கேட்டேன். "அப்பாவோடதா? குடுத்தா நாளைக்கே அச்சுக்கோத்துடுவேன். சார் எங்கிட்டக் காட்டவே இல்லையேம்மா" என்று பதில் போட்டிருக்கிறார். ஆக, நீ அதை மேஜைக்கே கொண்டுபோகவில்லை.

கேள்விகளைப் படித்தேன். கொடிக்கம்பு. கோல்கீப்பர் கழற்றி எறிந்த கிழிந்த கையுறை. இடைவேளையில் தண்ணீர்க் குழாய் வெடித்து பேண்ட் வாசித்தவர்கள் நனைந்தது. எழுபதாம் நிமிஷம் மாற்று ஆட்டக்காரன் ஷூ லேஸ் கட்டாமல் ஓடி வந்தது. ஏழையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே முதல் எழுபது நிமிஷத்தில் நடந்தவை. மூன்று கோலும் விழுந்த கடைசிப் பதினொரு நிமிஷத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கூட இல்லை. எங்கள் லேபில் ஒருத்தி இப்படி அறிக்கை எழுதினால், எந்த டெஸ்ட் ட்யூபை நீ திறக்கவே இல்லை என்று கேட்பேன்.

உன்னையும் கேட்கிறேன். என்ன நடந்தது அண்ணா, அன்றைக்கு?

தங்கை

*

ஜூன் 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் அண்ணி தினமும் பதில் எழுதியாயிற்றா என்று கேட்கிறாள். அவள் நிம்மதிக்காகவாவது எழுதுகிறேன்.

நாங்கள் அந்த மூன்று கோலையும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அப்பாவும் பார்க்கவில்லை. எழுபத்தொன்பதாம் நிமிஷம் நான் எழுந்தேன். இரண்டு கோல் பின்னால், ஆடுகிறவன் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறான், முடிந்ததும் பஸ்ஸில் இடம் கிடைக்காது. கிளம்பலாம் என்றேன். அப்பா, "இன்னும் பத்து நிமிஷந்தானேடா, இருந்துட்டுப் போலாம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். "இத்தனை வருஷமா இருந்து என்னத்தப்பா பாத்தீங்க, தோக்குறதைத்தானே" என்றேன். பின்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு என் பின்னால் வந்தார்.

படி இறங்கும்போது முதல் கோலுக்குச் சத்தம் வந்தது. நின்றார். "ஆறுதலுக்கு ஒண்ணு போட்டிருப்பானுங்க, வாங்க" என்றேன். ரோட்டுக்கு வந்தபோது இரண்டாவது. திரும்பி ஓடினோம். வெளியே போனவர்களை உள்ளே விடமாட்டேன் என்று கேட்காரன் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னான். மூன்றாவது கோல் விழுந்தபோது பஸ்ஸில் இருந்தோம். மைதானத்துச் சத்தத்தைக் கேட்டு டிரைவரே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக் கத்தினார்.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். மறுநாள் எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது, நான் பக்கத்தில் நிற்கும்போதே, "பாத்தோமே, ரெண்டு பேருமா" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் பத்தொன்பது வருஷம், வீடு வீடாக. ஒவ்வொரு தடவையும் என்னைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நீ அனுப்பிய நகலில் முதல் வரி, "நானும் உன் அண்ணனும் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம்." அதோடு மடித்து வைத்துவிட்டேன். அடுத்தவன் பொய்யை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, அப்பா பொய்க்கு மட்டும் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? இதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

அண்ணன்

*

ஜூன் 15

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நான் அனுப்பிய நாலு பக்கத்தை நீ படிக்கவே இல்லையா? ஊரில் இருக்கிறவன் பொய்யை எல்லாம் வரி வரியாகப் படித்தாயே! மூன்றாம் பக்கத்தை நானே எழுதுகிறேன், உனக்குச் சிரமம் வேண்டாம்.

"எழுபத்தொன்பதாம் நிமிஷம் நான் எழுந்துவிட்டேன் அம்மா. போதும், பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றேன். உன் அண்ணன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தான். இன்னும் பத்து நிமிஷந்தானேப்பா, இருந்துட்டுப் போலாம் என்றான். அவன் மட்டும் இல்லாவிட்டால் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டேன். நீ படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அவனிடம் கேட்டேன். இருந்து பார்க்கச் சொல்கிறான்."

அந்தக் கடிதம் வந்தபோது என் பெட்டி கட்டி வைத்திருந்தேன். முதல் தேர்வில் மூன்று பாடம் போயிருந்தது. நீயா இருக்கச் சொன்னாய் என்று நம்பவே முடியவில்லை. என்னைப் படிக்க அனுப்பக்கூடாது என்று வீட்டில் குதித்தவன் நீ. அதனால்தான் பெட்டியைப் பிரித்தேன். அப்பா சொல்லியிருந்தால் பிரித்திருக்க மாட்டேன், அப்பா எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

என் கல்யாணத்தில் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது, அப்பா போன வீட்டில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டபோது, போன வருஷம் போனில் அத்தனை பேசியபோது, ஒவ்வொரு தடவையும் "போகட்டும், என்னை உட்கார வைத்தவன்" என்று உன்னை விட்டேன். முப்பத்தொரு வருஷம் தப்பான ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புத்தகத்தில் போடு, போடாமல் போ. அது உன் பாடு.

தங்கை

*

ஜூலை 28

அன்புள்ள தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. திட்டியாவது எழுது.

நாலு பக்கத்தையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன். உன் அண்ணி எதிரில் இருந்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? இப்ப யாரு மேல கோவம்?" என்றாள்.

"தெரியல" என்றேன்.

"அதிசயமா இருக்கே. இந்த வீட்டுல ஒரு நாளும் அதுக்குப் பேர் தெரியாமப் போனதில்ல."

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று படிக்கட்டில் அப்பாவிடம் சொன்னது அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. "அவளையும் இப்படித்தான் படிக்க அனுப்பியிருக்கீங்க. ஆறு மாசத்துல திரும்பி வருவா பாருங்க" என்றும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் எழுந்தார். நாலு நாள் யோசித்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்.

தள்ளுபடி செய்த கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி படித்தேன். நான் நிமிஷத்தையும் கொடியையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேனே ஒழிய, மற்ற வரிகளைப் படிக்கவில்லை. ஒவ்வொருவனும் தன் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்திருக்கிறான். சலூன்காரர் கோலைப் பற்றி எழுதியது அரைப் பக்கம். மீதி இரண்டரைப் பக்கமும் வெயிலுக்குத் தன் தலையில் துண்டைப் போட்டுவிட்ட அண்ணனைப் பற்றி. அந்த அண்ணன் இப்போது இல்லை. எரிச்சலாக வருகிறது. அத்தனையும் பொய். தூக்கிப் போடவும் முடியவில்லை. எல்லாவற்றையும் விசிலிடம் கொடுத்துவிட்டேன்.

நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். நடந்தது நடந்தபடி. அதையும் அப்பா கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். விசில் இரண்டையும் படித்தான்.

"சார், ரெண்டுல ஒண்ணு பொய் சார்."

"ஆமா."

"எது சார்?"

"அது உனக்கெதுக்கு? பக்கத்துப் பக்கத்துல அச்சடி."

"சரிபார்த்தவர்னு உங்க பேர் வருமே சார்!"

"வரட்டும்."

ஆனால் அது உனக்கு வந்த கடிதம். நீ சரியென்றால்தான் அச்சுக்குப் போகும். சொல்.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 10

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன், நலம்தான்.

போடு. ஆனால் நீ எழுதியதில் ஒரு வார்த்தை குறையக்கூடாது. நான் ஆறு மாசத்தில் திரும்பி வருவேன் என்றாயே, அதையும் சேர். எனக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று லேபில் வைக்க.

அண்ணிக்கு என் அன்பு. அவளை வைத்துத்தான் உன்னை இன்னும் விடாமல் இருக்கிறேன்.

தங்கை

*

அக்டோபர் 2

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே சுகம். இரண்டு பிரதியும் இதே பார்சலில் இருக்கின்றன. கிழக்குப் படிக்கட்டையும் போன வாரம் எடுத்துவிட்டார்கள். இப்போது ரோட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வீடுகளின் பின்புறமும் காயப்போட்ட துணியும் தெரிகின்றன.

புத்தகம் வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவை எனக்கு விரோதமாகவே ஓர் உண்மையை எழுதினேன். ஊரில் ஒருவன்கூட நம்பவில்லை. "பெரியவர் எவ்வளவு அழகா எழுதியிருக்கார், நீங்க ஏன் சார் அவரைப் பொய்க்காரர் ஆக்குறீங்க?" என்று வீட்டு வாசலில் வந்து கேட்கிறார்கள். கல்லூரியில், பதவி கிடைக்காததில் மூளை கலங்கிவிட்டது என்று பேச்சு. எதிர்வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்றாவது கோல் விழுந்தபோது எங்கள் இருவரையும் படிக்கட்டில் பார்த்ததாக மூன்று பேர் விசிலிடம் வந்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

அதில் ஒருவர் சலூன்காரர். புது சலூனில் காதை வெட்டிவிட்டதால் நான் பழைய இடத்துக்கே போக வேண்டியதாயிற்று. துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு ஆரம்பித்தார். தலை அவர் கையில் இருந்தது, எழுந்து போக வழியில்லை.

"உங்களுக்கு மறந்துபோச்சு சார். நான் மூணு படி மேல இருந்தேன். கோலு விழுந்ததும் நீங்க அப்பாவை அப்படியே தூக்கி ஒரு சுத்து சுத்துனீங்க."

"நான் அங்க இல்ல. நீங்களும் இல்ல."

"இதோ, இப்படி இடுப்பைப் பிடிச்சு. அவரு செருப்பு ஒண்ணு கழண்டு கீழ் வரிசையில விழுந்துச்சு."

அவரைப் பொய்க்காரர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பா சிரிச்சாரா?" என்று கேட்டேன்.

கத்திரி நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? விடுடா விடுடான்னு கத்திக்கிட்டே சிரிச்சாரு."

வேறு விசேஷம் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்